இல்லாத காலின் உளைவு: வன்னி வீதிகளில் வியர் மிட்செல்

திங்கள் – வவுனியா, ஓமந்தை

எறிகணைச் செல் பீஸ் நரம்பைக் கிழித்த கை ஏன் வருடக்கணக்காக எரிகிறது, மிதிவெடியில் போன கால் ஏன் இன்னும் உளைகிறது என்று நோயாளிகளிடமே பொறுமையாகக் கேட்டு, கேட்டதை ஒழுங்காக எழுதிவைத்த வைத்தியர் சைலஸ் வியர் மிட்செல். 1829இல் ஃபிலடெல்ஃபியாவில் பிறந்து 1914இல் அங்கேயே இறந்தவர். அமெரிக்க நரம்பியலின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். இந்த வாரம் ஏ9 வீதியிலும் அதன் கிளைவீதிகளிலும் நடக்கும் நடமாடும் கிளினிக்குகளுக்கு வருகிறவர்களின் முறைப்பாடுகள் அவர் 1864இல் வெளியிட்ட நூலில் ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. ஆகவே போகிற இடமெல்லாம் அவரையும் கூட்டிக்கொண்டு போகிறோம்.

தகப்பனும் வைத்தியர். மகன் 1850இல் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, பாரிஸுக்குப் போய் குளோட் பெர்னாரிடம் உடற்றொழிலியல் படித்தார். அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியதும் நரம்புக் காயக்காரர்களை ஒரே இடத்தில் சேர்க்கும் யோசனை வந்தது. படைத் தலைமை வைத்தியர் வில்லியம் ஹாமண்ட் அதற்கு வழிசெய்து கொடுத்தார். ஃபிலடெல்ஃபியாவின் ஓரத்தில் டர்னர்ஸ் லேன் என்ற 400 கட்டில் வைத்தியசாலை அப்படித்தான் உருவானது. மிட்செலோடு ஜோர்ஜ் மோர்ஹவுஸ், வில்லியம் கீன் என்ற இருவரும் அங்கே வேலை செய்தார்கள். 1863 யூலையில் கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்தபோது வாட்டுகள் நிரம்பின. அதுவரை நரம்புக் காயம் என்றால் பொது வாட்டில் எங்காவது ஒரு மூலைக் கட்டில்தான். ஒரே மாதிரியான நூறு பேரை அடுத்தடுத்துப் பார்க்கக் கிடைத்தபோதுதான் ஒழுங்கு தெரியத் தொடங்கியது.

ஓமந்தையில் பொதுநோக்கு மண்டபம். மேசையில் வைக்கிற சாமான்கள் கொஞ்சம்தான்: பஞ்சு, முனை மழுங்கிய ஊசி, சுடுதண்ணீரும் குளிர்தண்ணீரும் விட்ட இரண்டு சோதனைக் குழாய், தொடுகை உணர்வு பார்க்கிற, 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலோன் இழை, அளவுநாடா, 10 செ.மீ., 15 செ.மீ. அகல இழுவை பண்டேஜ், அச்சடித்த உடம்புப் படம், சிவப்பு, நீலப் பேனை.

முதல் வேலை கேட்பது. "நோகுதா?" என்று கேட்டால் "ஓம்" என்பதோடு கதை முடிந்துவிடும். எரியுதா, குத்துதா, உளையுதா, கரண்ட் அடிக்கிற மாதிரியா, இறுக்கிப் பிடிக்கிற மாதிரியா என்று பிரித்துக் கேட்க வேண்டும். பிறகு பேனையை நோயாளியின் கையில் கொடுத்து, எரிவைச் சிவப்பாலும் விறைப்பை நீலத்தாலும் படத்தில் அவரையே கீறச் சொல்ல வேண்டும். கால் போனவர் முழங்காலுக்குக் கீழே வெற்றுக் கடதாசியில் கீறினால் தடுக்கக் கூடாது. அதுதான் தேவையான தகவல்.

அவயவம் இழந்தவரிடம் மூன்றைப் பிரித்தறிய வேண்டும். ஒன்று, மிஞ்சிய துண்டிலேயே உள்ள வலி. இரண்டாவது, இல்லாத அவயவம் இருப்பதாக வரும் வெறும் உணர்வு. அதற்கு மருந்து வேண்டாம், விளக்கம் போதும். மூன்றாவது, இல்லாத அவயவத்திலேயே வரும் வலி. முதலாவதற்குக் காரணம் பெரும்பாலும் வெட்டுப்பட்ட நரம்பின் நுனியில் வளர்ந்த கழலை. விரல் நுனியால் மெல்லத் தட்டிக்கொண்டு வந்தால் ஓரிடத்தில் மட்டும் சுரீர் என்று இல்லாத பாதம்வரை ஓடும். அந்த இடத்தைப் பேனையால் குறித்து, பொய்க்காலின் குழி அங்கே அழுத்துகிறதா என்று பார்க்க வேண்டும். குழியின் உட்புறத்தை அவ்விடத்தில் கொஞ்சம் செதுக்கினாலே வலி பாதியாகிவிடுகிற ஆட்கள் உண்டு. இதைப் பாராமல் மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போவதுதான் கிளினிக்குகளில் அடிக்கடி நடக்கிறது.

செவ்வாய் – புளியங்குளம், மாங்குளம்

ஆடிக் காற்று. வீதிக்கரைப் பாலை மரங்களில் புழுதி படிந்து கிடக்கிறது. மாங்குளத்தில் வரிசையில் இருந்தவர்களில் ஒருவர் இடது கையில் ஈரத் துவாய் சுற்றியிருந்தார். பக்கத்தில் தண்ணீர்ப் போத்தல். காற்று வீசும்போதெல்லாம் உடம்பைத் திருப்பிக் கையை மறைத்தார். வாங்கு அசைந்தபோது முகம் சுருங்கியது. கதவு அடிபட்ட சத்தத்துக்கும் அதே சுருக்கம்.

மிட்செலின் வாட்டிலும் இதே காட்சிதான். எரிவு தாங்காமல் சிப்பாய்கள் கையில் ஈரத்துணி சுற்றியிருந்தார்கள், சப்பாத்துக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நடந்தார்கள். பத்திரிகை சரசரத்தால், வேறொருவர் வாட்டுக்குள் நடந்தால்கூட வலி கூடியது. மற்ற வைத்தியர்கள் நடிப்பு என்று ஒதுக்கியதை மிட்செல் நம்பினார். நம்பியதால் கவனித்தார்: தோல் சிவந்து மினுங்குகிறது, மயிர் உதிர்கிறது, நகம் வளைகிறது, விரல் மூட்டு இறுகுகிறது. 1867இல் இதற்குக் கோசால்ஜியா என்ற பெயர் புழக்கத்துக்கு வந்தது. 1994 முதல் இது சிக்கலான பிரதேச வலி நோயின் இரண்டாம் வகையாக எண்ணப்படுகிறது. நரம்புக் காயம் தெரிந்தால் இரண்டாம் வகை, தெரியாவிட்டால் முதலாம் வகை.

அவரிடம் இருந்த பலமான மருந்து மோர்ஃபின் ஊசி. ஒரே வருடத்தில் அங்கே 40,000க்கும் மேற்பட்ட தடவை போட்டதாக எழுதியிருக்கிறார். மூட்டு இறுகாமல் அசைப்பதும், பிடித்துவிடுவதும், தசைக்கு மின்சாரம் கொடுப்பதும் கூடவே நடந்தன.

இன்று வன்னியில் செய்யக்கூடியது:

கையைக் கழுத்தில் தொட்டில் கட்டித் தொங்கவிடுவதை முதலில் நிறுத்த வேண்டும். அசையாத கையில் விரல் மூட்டு சில கிழமைகளுக்குள் இறுகிவிடும். பிறகு நரம்பு தேறினாலும் கை மூடாது. ஈரத்துணியை முழுநாளும் சுற்றிவைப்பதும் கூடாது, தோல் ஊறி விரலிடுக்கில் பூஞ்சணம் பிடிக்கும். ஐஸ் வைக்கவே வேண்டாம். கொஞ்ச நேரம் சுகமாகத் தெரிந்தாலும் இந்த நோயில் அது வலியைக் கிளப்பிவிடும்.

தொடுகைக்குப் பழக்குவதை வீட்டிலேயே செய்யலாம். நல்ல இடத்திலிருந்து தொடங்கி வலிக்கும் இடத்தின் ஓரம்வரை பஞ்சால் தடவ வேண்டும். அது பழகியபின் பழைய நூல் சேலைத் துண்டு, அடுத்துத் துவாய், கடைசியாகச் சாக்கு. ஒரு தடவைக்கு 5 நிமிடம், நாளுக்கு 4 அல்லது 5 தடவை. ஒரு துணி பழகாமல் அடுத்ததற்குத் தாவினால் அடுத்த நாள் கையைத் தொடவே விடமாட்டார்கள். பெரும்பாலும் வீட்டில் உள்ளவர்கள் "கெதியாச் சுகமாகட்டும்" என்று அழுத்தித் தேய்த்துத்தான் இது பிழைக்கிறது. தடவுகிறது நோயாளியின் மற்றக் கையாகவே இருக்கட்டும்.

பரசிட்டமோல் இந்த எரிவுக்குப் பெரிதாக உதவாது. அமிட்ரிப்டிலின் இரவில் 10 மி.கி. என்று தொடங்கி வைத்தியர் மெல்லக் கூட்டுவார். வாய் காயும், காலையில் தூக்கக் கலக்கம் இருக்கும். வயதான ஆண்களுக்குச் சலம் அடைக்கலாம், இதயநோய் இருந்தால் முதலே சொல்லிவிட வேண்டும். பலன் தெரிய 2, 3 கிழமை பிடிக்கும். நாலு நாளில் "வேலை செய்யேல்ல" என்று விட்டுவிடுகிறவர்களே அதிகம். மருந்து கொடுக்கிற மேசையிலேயே இதைச் சொல்லவேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடக் கூடாது. காயப்பட்ட நரம்பு வளருவதானால் நாளுக்கு ஏறத்தாழ 1 மி.மீ.தான் வளரும். முழங்கைக்கு மேல் காயம் என்றால் விரல் நுனிக்கு வர ஒரு வருடத்துக்கு மேல். இந்தக் கணக்குத் தெரிந்த நோயாளிதான் பயிற்சியை விடமாட்டார்.

புதன் – முறிகண்டி, கிளிநொச்சி

முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு கிளிநொச்சி. இன்று வந்தவர்களில் பெரும்பகுதி கால் இழந்தவர்கள். இன்றைய குறிப்பு நீளும்.

வெட்டிய அவயவம் இருப்பதுபோலத் தோன்றுவதை 16ஆம் நூற்றாண்டிலேயே பிரெஞ்சு அறுவை வைத்தியர் அம்ப்ருவாஸ் பாரே எழுதியிருக்கிறார். ஆனாலும் வைத்திய உலகம் பொருட்படுத்தவில்லை. மிட்செல் இதை முதலில் ஒரு கதையாகவே வெளியிட்டார். 1866இல் ஒரு மாத இதழில் பெயர் போடாமல் வந்த அந்தக் கதையின் நாயகன் ஜோர்ஜ் டெட்லோ, போரில் நாலு அவயவத்தையும் இழந்தவன். வாசகர்கள் உண்மை ஆள் என்று நம்பி அவனுக்காகப் பணம் சேர்த்தார்கள். 1871இல் தன் பெயரோடு எழுதிய கட்டுரையில்தான் "பேய் அவயவம்" என்ற பெயரை நிலைநாட்டினார். அடுத்த வருடம் வந்த நரம்புக் காயங்கள் பற்றிய பெரிய நூலில் 90 பேரின் விபரம் இருக்கிறது. 86 பேருக்கு இந்த உணர்வு இருந்தது. இல்லாத அவயவத்தை உணருகிறவரே வழமையானவர் என்று அந்தக் கணக்குக் காட்டிவிட்டது. "எனக்கு மண்டை பிழைச்சுப் போச்சோ?" என்று கேட்கிறவருக்கு இன்றும் சொல்லவேண்டிய முதல் பதில் இதுதான்.

மிட்செல் எழுதியவர்களில் ஒருவர் அதே போரின் ஷைலோ சண்டையில் கையை இழந்தவர். குதிரையில் போகும்போது இல்லாத கையால் கடிவாளத்தைப் பிடித்து, இருக்கிற கையால் குதிரையை அடித்தார். விழுந்தார். இங்கே குதிரை இல்லை, இரவு இருக்கிறது. தூக்கக் கலக்கத்தில் இல்லாத காலை நிலத்தில் ஊன்றப்போய் விழுந்து மிஞ்சிய துண்டைக் காயப்படுத்திக்கொள்வது கால் இழந்தவர்களுக்குப் பொதுவான ஆபத்து, குறிப்பாக முதல் மாதங்களில். ஊன்றுகோலைக் கட்டிலின் கால் இழந்த பக்கத்தில், கை படுகிற இடத்தில் சாத்தி வைக்க வேண்டும். எழும்புமுன் அந்தத் துண்டைக் கையால் தொட்டுப்பார்க்கிற பழக்கம் ஒன்றை ஏற்படுத்திவிட்டால் போதும்.

வலிக்குக் கண்ணாடி. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன் 1990களின் நடுவில் அமெரிக்காவில் அறிமுகப்படுத்திய முறை. கோசால்ஜியாவையும் பேய் அவயவத்தையும் மிட்செல் விட்ட இடத்திலிருந்து ஒரு தமிழர் எடுத்துக்கொண்டு போனார் என்பது வன்னியில் சொல்லும்போது கேட்கிறவர் முகம் மலர்கிற செய்தி. 2007இல் அமெரிக்க இராணுவ வைத்தியசாலை ஒன்றின் சிறிய ஆய்வு வந்தது. கால் இழந்தவர்கள் 15 நிமிடம் நாளாந்தம் 4 கிழமை செய்தார்கள். கண்ணாடி பார்த்த 6 பேருக்கும் வலி குறைந்தது. துணியால் மூடிய கண்ணாடிக் குழுவில் ஒருவருக்கு மட்டும். பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாம் இவ்வளவு நல்ல முடிவு தரவில்லை. இருந்தும் செலவு ஒரு கண்ணாடிதான் என்பதால் செய்துபார்க்காமல் விடுவது நியாயமில்லை.

காலுக்குக் கண்ணாடி 120 செ.மீ. நீளம், 40 செ.மீ. உயரம். 4 மி.மீ. தடிப்பான கண்ணாடியே நல்லது. மெல்லிய பிளாஸ்ரிக் கண்ணாடி வெயிலில் வளையும். வளைந்தால் பாதம் நீண்டோ குறுகியோ தெரியும், மூளை அதைத் தன் கால் என்று எடுக்காது. பின்னால் 9 மி.மீ. பிளைவுட், கீழே இரண்டு மரக்கட்டை, விளிம்பைச் சுற்றி ரேப். தச்சுப் பட்டறையில் அரைநாள் வேலை. கைக்கு என்றால் 40க்கு 40 செ.மீ. போதும்.

பாயிலோ கட்டிலிலோ இருத்தி, கண்ணாடியை இரண்டு காலுக்கும் நடுவே நெடுக்காக, நல்ல காலைப் பார்த்தபடி நிறுத்த வேண்டும். மிஞ்சிய துண்டு பின்னால் மறைந்திருக்க வேண்டும். காற்சட்டை அல்லது சாரத்தை முழங்காலுக்கு மேலே சுருட்டி, கொலுசு, கறுப்புக் கயிறு, கையானால் மோதிரம், மணிக்கூடு எல்லாம் கழற்ற வேண்டும். முதல் இரண்டு நிமிடம் அசையாமல் பார்க்கட்டும். பிறகு கணுக்காலை மேலும் கீழும் மெதுவாக 10 தடவை, விரல்களை மடக்கி விரித்து 10 தடவை, பாதத்தை உள்ளும் வெளியும் 10 தடவை. இல்லாத காலையும் அதே நேரம் அசைக்க முயல வேண்டும். இல்லாத விரல்கள் மடங்கி இறுகிக் கிடப்பதாக உணர்ந்தால், நல்ல கால் விரல்களையும் முதலில் அப்படியே மடக்கி, இரண்டும் ஒத்தபின் சேர்த்து மெல்ல விரிக்க வேண்டும். நேரே விரித்த காலோடு தொடங்கினால் கண்ணில் தெரிவதும் உணர்வதும் சேராமல் வலி கூடும்.

பிழைக்கிற இடங்கள் வேறும் உண்டு. வேகமாக அசைப்பது, நடுவில் கதைப்பது, டிவி ஓடுவது. சிலருக்குத் தலை சுற்றும், குமட்டும், அல்லது அழுகை வரும். அப்போது நிறுத்திக் கண்ணாடியை மூடி, அடுத்த நாள் 3 நிமிடத்தோடு தொடங்கலாம். இல்லாத பாதம் சுருங்கி முழங்காலோடு ஒட்டியிருப்பதாக உணர்பவர்களுக்கு நீளமான கண்ணாடிக் கால் பொருந்த நாள் எடுக்கும். இரண்டு காலும் இல்லாதவருக்கு இது பயன்படாது. இந்த மண்ணில் அப்படி எத்தனை பேர் என்று நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது. அவர்களுக்கு மருந்தும், கண்ணை மூடிக்கொண்டு மனதில் அசைத்துப் பார்க்கும் பயிற்சியும்தான்.

வியாழன் – பரந்தன், விசுவமடு, புதுக்குடியிருப்பு

ஏ35 வீதியில் கிழக்கே திரும்பியதும் வயல்கரை. இன்று மிட்செலின் இன்னொரு வேலை: பாம்பு.

போருக்கு முன்னரே அவர் கிலுகிலுப்பைப் பாம்பின் விஷத்தை ஆராய்ந்து 1860இல் நீண்ட அறிக்கை வெளியிட்டார். 1886இல் எட்வர்ட் ரைக்கெர்ட்டோடு சேர்ந்து விஷத்தில் நஞ்சாக வேலை செய்வது புரதங்கள் என்று காட்டினார். விஷம் ஒற்றைப் பொருள் அல்ல என்பது அதிலிருந்து தெரிந்தது. அதைத் தொடர்ந்து 1887இல் ஹென்றி சூவல் புறாக்களுக்குச் சிறிது சிறிதாக விஷம் ஏற்றி எதிர்ப்பு உண்டாக்கினார். 1890களில் விஷமுறிவு மருந்து வந்தது.

வன்னியில் நரம்பைத் தாக்குவது முதன்மையாகக் கட்டுவிரியன். இரவில், நிலத்தில் பாய் விரித்துப் படுத்தவரைக் கடிக்கும். கடிவாயில் வீக்கமோ வலியோ பெரிதாக இராது. விடியப்புறம் வயிற்று நோ, பிறகு இமை தொங்கும், தொண்டை அடைக்கும், மூச்சு நிற்கும். வயிற்றுக் கோளாறு என்று கசாயம் வைத்துக்கொண்டிருப்பதுதான் உயிரைக் கொண்டுபோகிறது. சந்தேகம் என்றால் மேலே ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள், இமை தானாக இறங்கினால் நேரம் கடத்தக் கூடாது. 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அடித்து, ஆளை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் ஒன்றும் ஊற்றாமல் அனுப்ப வேண்டும். இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் வேண்டாம்.

புடையன் இரத்தத்தைக் கெடுக்கும். வைத்தியசாலையில் 1 அல்லது 2 மி.லீ. இரத்தத்தைச் சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒருதரம் சரித்துப் பார்ப்பார்கள். உறையாமல் ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது. பிளாஸ்ரிக் குழாயில் அல்லது சவர்க்காரத்தூள் போட்டுக் கழுவிய குழாயில் நல்ல இரத்தமும் உறையாமல் நிற்கும், முடிவு பிழைக்கும். விஷமுறிவு மருந்து ஏற்றுமுன் தோலின் கீழ் 0.25 மி.கி. அட்ரினலின் போடுவது ஒவ்வாமையைக் குறைக்கிறது என்பதை இலங்கையிலேயே செய்த ஆய்வு காட்டியது. இங்கே பாவிக்கும் இந்திய மருந்து நாகம், கட்டுவிரியன், புடையன், சுருட்டைவிரியன் நாலுக்கும் உரியது. மூக்கு நீண்ட கோப்பி விரியனுக்கு அது வேலை செய்யாது.

நுளம்புவலையின் ஓரத்தைப் பாயின் கீழே செருகிவிட்டுப் படுப்பது நல்ல காவல்.

வெள்ளி – முல்லைத்தீவு

மிட்செலை வணங்கிக்கொண்டே போக முடியாத நாள் இது.

1870களில் அவர் "ஓய்வுச் சிகிச்சை" ஒன்றை உருவாக்கினார். 1877இல் அதற்கென்றே நூலும் எழுதினார். களைத்து மெலிந்த, பயத்திலும் துயரத்திலும் இருந்த பெண்களை 6 முதல் 8 கிழமை கட்டிலில் வைத்தார்கள். வீட்டாரைப் பார்க்க விடுவதில்லை. வாசிப்பில்லை, எழுத்தில்லை. தாதி ஊட்டிவிடுவார். பால் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். தசை வீணாகாமல் பிடித்துவிடுவதும் மின்சாரமும். ஆண்களுக்கோ காட்டிலும் மலையிலும் கூடாரம் போட்டு வாழும் வாழ்க்கையைப் பரிந்துரைத்தார். ஒரே மாதிரிக் களைப்புக்கு ஆணுக்குக் காடு, பெண்ணுக்குக் கட்டில். 1887இல் இந்தச் சிகிச்சைக்குப் போன எழுத்தாளர் சார்லட் பெர்கின்ஸ் கில்மன் அதனால் மனம் உடையும் நிலைக்கு வந்ததை 1892இல் கதையாக வெளியிட்டார். சிப்பாயின் வார்த்தையை அப்படியே பதிந்த பேனை, பெண் சொன்னபோது ஓடவில்லை. இதை மறைத்து அவரைப் புகழ்வது அவருடைய முறைக்கே துரோகம்.

இதன் எச்சம் முல்லைத்தீவிலும் கிடக்கிறது. இழப்போடும் உடம்பில் பீஸோடும் வாழும் பெண்ணுக்கு நாரி நோ, கை விறைப்பு, நித்திரையின்மை என்றால் "பெட் ரெஸ்ட் எடுங்கோ அம்மா" என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். சாதாரண நாரி நோவுக்குக் கட்டில் ஓய்வு ஓரிரு நாளுக்குமேல் கெடுதலே செய்யும். நேரத்தை வைத்து நடப்பதுதான் வழி. வலி கூடாமல் எவ்வளவு நேரம் நடக்க முடிகிறது என்று மூன்று நாள் பார்த்து, அதில் முக்கால்வாசியை அளவாக எடுங்கள். 8 நிமிடம் என்றால் 6. நல்ல நாளிலும் 6தான், மோசமான நாளிலும் 6தான். கிழமைக்கு ஒரு நிமிடம் கூட்டலாம். நல்ல நாளில் கடற்கரை மணலில் ஒரு மணித்தியாலம் நடந்துவிட்டு மூன்று நாள் படுத்துக் கிடப்பதுதான் வழமையாக இதைக் குழப்புகிறது. சலம், மலம் கட்டுப்படாமல் போனால், தொடையின் உட்புறம் விறைத்தால், கால் பலம் குறைந்துகொண்டே வந்தால் அது வேறு விடயம். அன்றே வைத்தியசாலை.

சனி – ஒட்டுசுட்டான், நெடுங்கேணி

"மழை வரப்போகுது எண்டு இல்லாத கால்தான் முதல்ல சொல்லும்" என்பது இந்தப் பக்கத்தில் சாதாரணப் பேச்சு. மிட்செல் இதையும் தள்ளிவிடவில்லை. போரில் காலை இழந்த கேப்டன் கேட்லின் தன் வலியை மணிக்கணக்கில் குறித்துவந்தார். அந்தக் குறிப்புகளை வானிலைப் பதிவுகளோடு வைத்துப் பார்த்து, காற்றழுத்தம் இறங்கும்போது வலி ஏறுகிறது என்று 1877இல் மிட்செல் கட்டுரை வெளியிட்டார். நோயாளி கையிலேயே ஆராய்ச்சியின் பாதி இருந்தது.

இங்கே கொடுக்கிறது 80 பக்கக் கொப்பி ஒன்று. ஒரு பக்கத்தில் ஏழு நாள். நிரல்கள் ஏழு: திகதி, காலை வலி, இரவு வலி 0 முதல் 10 வரை, பொய்க்கால் போட்ட மணித்தியாலம், மிஞ்சிய துண்டில் போட்ட காலுறையின் எண்ணிக்கை, வானம் (வெயில், மப்பு, மழை), நித்திரை. வாசிக்கத் தெரியாதவருக்கு எண்ணுக்குப் பதிலாகக் கோடு, வானத்துக்கு வட்டம். இதைவிடக் கூடுதலாக நிரல் போட்டால் இரண்டாம் கிழமையே கொப்பி அலுமாரிக்குள் போய்விடும்.

நாலு கிழமைக் கொப்பி கையில் இருந்தால் மழைக்கு முதல் நாள் ஏறும் வலியையும், காலுறை குறைந்து துண்டு குழிக்குள் இறங்கியதால் வரும் வலியையும் பிரிக்கலாம். முதலாவது வலி இரண்டு நாளில் இறங்கும். அதற்காக மருந்தைக் கூட்டத் தேவையில்லை, பொய்க்கால் போடும் நேரத்தைக் குறைத்து, மிஞ்சிய துண்டைப் போர்த்திச் சூடாக வைத்தால் சரி. இரண்டாவது வலி நாளாந்தம் பின்னேரத்தில்தான் ஏறும். ஒரு காலுறை கூட்டினால் அன்றே தெரியும். துண்டு வீங்கிப் பொய்க்கால் ஏறாமல் நின்றால் இழுவை பண்டேஜ்: முழங்காலுக்குக் கீழ் 10 செ.மீ., மேல் 15 செ.மீ. அகலம். எட்டுப் போலக் குறுக்காகச் சுற்றி, நுனியில் இறுக்கமும் மேலே தளர்வுமாக, 4 மணித்தியாலத்துக்கு ஒருதரம் அவிழ்த்துச் சுற்ற வேண்டும். வட்டமாகச் சுற்றினால் நுனி பலூனாக வீங்கும். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துப் படுக்கக் கூடாது, மூட்டு மடங்கியே நின்றுவிடும். நாளுக்கு இரண்டு தரம் 20 நிமிடம் குப்புறப் படுப்பது நல்லது.

அடுத்த கிளினிக்குக்கு வரும்போது கொப்பி, மருந்துச் சிட்டை, இப்போது போடுகிற காலுறைகள் மூன்றையும் ஒரே பையில் கொண்டு வாருங்கள். பொய்க்காலைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வரவேண்டாம். போட்டு நடந்து காட்டினால்தான் எங்கே அழுத்துகிறது என்று பார்க்கலாம்.